உனக்கு இலங்கைதான்

பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் சர்வதேச உறவுகள் படிக்கப் போகிறேன் என்று சொன்னேன். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்: "உறவுன்னா? யாரோட?"

அவர் கேலி செய்யவில்லை. அமைச்சகம் ஒன்றில் கோப்புகளை மேலே அனுப்பியும் கீழே அனுப்பியும் காலம் தள்ளியவர். எந்தப் படிப்புக்கு எந்தப் பதவி என்பது அவருக்கு மனப்பாடம். இந்தப் படிப்பு அந்தக் கணக்கில் எங்குமே இல்லை.

"நம்ம நாட்டுக்கு மத்த நாட்டோட இருக்கிற உறவுப்பா. தூதரகம், ஐ.நா. சபை, அந்த மாதிரி."

"அதுக்கு பி.காம். படிச்சா ஆகாதோ?"

அம்மாதான் முடித்து வைத்தாள். "அவ ஆசப்படுதா. படிக்கட்டும். என்ஜினீயரிங் படிச்ச பிள்ளையெல்லாம் வீட்டுல சும்மாதான இருக்கு."

என் ஆசைக்கு ஒரு காரணம் இருந்தது. அப்பாவுக்கு மாற்றலாகி நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து டெல்லியில் கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸுக்கு வந்தபோது நான் ஐந்தாம் வகுப்பு வரை தமிழில் படித்திருந்தேன். இந்தி ஒரு சொல் தெரியாது. ஆறாம் வகுப்பில் பல மாதம் டீச்சர் பேசுவது எதுவும் புரியவில்லை. அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு உலக வரைபடம் தொங்கும். என் பெஞ்சிலிருந்து பார்த்தால் டீச்சரின் தோளுக்கு மேலே கஜகஸ்தானும் உஸ்பெகிஸ்தானும் தெரியும். மற்ற பிள்ளைகள் பாடத்தைக் கவனித்த நேரத்தில் நான் அந்த நாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தி வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. மத்திய ஆசியாவைப் பற்றி எது கிடைத்தாலும் படித்தேன். ஒருநாள் அங்கே போவேன், அந்த மொழிகளில் பேசுவேன் என்று உறுதியாக நம்பினேன்.

கல்லூரியில் முதல் நாள், ஒவ்வொருவரும் எந்தெந்த நாட்டில் வாழ்ந்திருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள் என்றார் பேராசிரியை. எந்த ஊர் என்று கேட்கவில்லை, எந்த நாடு என்று கேட்டார். வியன்னா, நைரோபி, மஸ்கட் என்று பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. என் முறை வந்தபோது, "திருநெல்வேலி, அப்புறம் கிட்வாய் நகர்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் வேண்டுமென்றே நகைச்சுவையாகச் சொன்னதாக நினைத்துக்கொண்டார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு அது பிடித்துப்போய்விட்டது. அவளுடைய அப்பா வெளியுறவுத் துறையில் பெரிய பதவியில் இருந்தார். அன்றிலிருந்து அவள் என் தோழி. நல்லவள். நான் நூலகத்தில் வாரக்கணக்கில் உட்கார்ந்து தெரிந்துகொள்ளும் விஷயம் அவளுக்குக் காலை உணவு மேஜையிலேயே கிடைத்துவிடும். இதில் அவள் குற்றம் எதுவும் இல்லை. ஆனாலும் அவள், "அப்பா நேற்று சொல்லிக்கொண்டிருந்தார்" என்று ஆரம்பிக்கும்போதெல்லாம் எனக்கு வாய் கசக்கும்.

தெற்காசியப் பாடத்தையும் எங்கள் ஆய்வுத் தாளையும் எடுத்தவர் அதே பேராசிரியைதான். கைத்தறிப் புடவை, தணிந்த குரல், எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை காத்திருக்கும் நாகரிகம். முதல் பருவத்தில் உலகில் ஆளுக்கொரு பகுதியை எடுத்து ஆய்வு செய்யச் சொன்னார். நான் மத்திய ஆசியா என்றேன்.

அவர் வருகைப் பட்டியலைப் பார்த்தார். "நீ தமிழ் அல்லவா? அப்படியென்றால் உனக்கு இலங்கைதான். மற்றவர்களுக்குக் கிடைக்காத நெருக்கம் உனக்கு இயல்பாகவே இருக்கிறது."

இலங்கையோடு எனக்கு இருந்த நெருக்கம் பத்திரிகைச் செய்தி அளவுக்குத்தான். பீகாரிலிருந்து வந்த பையன் ஒருவன் பிரேசில் கேட்டான், கிடைத்தது. உனக்கு நேபாளம்தான் என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. அடுத்த பருவத்திலும் நான் மத்திய ஆசியா கேட்டேன், இலங்கை வந்தது. மூன்றாவது முறை நான் கேட்கவே இல்லை. மாலையில் தனியாக ரஷ்ய மொழி வகுப்புக்குப் போக ஆரம்பித்தேன். அந்த எழுத்துகளை எழுதிப் பழகும் நேரம் மட்டும்தான் நான் நினைத்த படிப்பைப் படிப்பதுபோல இருந்தது.

இரண்டாம் ஆண்டில் ஒரு வாய்ப்பு வந்தது. ஐரோப்பாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரு பருவம் படிக்க எங்கள் வகுப்பிலிருந்து இரண்டு பேரை அனுப்புவார்கள். யார் என்று முடிவு செய்வது பேராசிரியைதான். அதே சமயத்தில் அவர் ஒரு கருத்தரங்கும் நடத்தினார். இந்தியாவையும் இலங்கையையும் கடல் எப்படி இணைக்கிறது என்பது பொருள். இலங்கையின் வடக்கே ஒரு கடற்கரை ஊரில் மீனவப் பெண்களின் சங்கத்தை நடத்தும் ஒரு அம்மாளை அழைத்திருந்தார். அவர் தமிழில் பேசுவார், நான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும்.

"இதை நன்றாகச் செய்து கொடு. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார் பேராசிரியை. மற்றது எது என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

அந்த அம்மாளைத் தங்கவைத்திருந்த விடுதிக்கு முந்தின நாளே போனேன். ஐம்பதைத் தாண்டியவர். வெயிலில் காய்ந்த கறுத்த முகம். குளிருக்கு யாரோ கொடுத்த ஆண்கள் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"நீங்கள் இந்தியத் தமிழோ?"

"ஆமாம்மா. திருநெல்வேலிப் பக்கம்."

"அது கடலுக்குக் கிட்டவோ?"

"கொஞ்சம் தள்ளி."

"அப்ப சரி" என்றார். எது சரி என்று எனக்கு அன்று புரியவில்லை.

முதலில் அவர் பேச்சைப் பின்தொடரத் திணறினேன். கதைக்கிறது, விளங்கேல்ல, வெளிக்கிட்டது என்று சொற்கள் வேகமாக வந்து விழுந்தன. விளங்கேல்ல என்றால் புரியவில்லை, வெளிக்கிட்டது என்றால் கிளம்பியது என்று வெட்கப்படாமல் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டேன். அவரும் எரிச்சலோடுதான் என்றாலும் விளக்கினார். மாலைக்குள் அவர் பேசுவது எனக்குத் தடையில்லாமல் புரிந்தது. அவருக்கு ரொட்டி இறங்கவில்லை என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். அம்மா ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் சீலா மீன் வாங்கிக் குழம்பு வைத்துக் கொடுத்தனுப்பினாள். அவர் ஒரு வாய் எடுத்து வைத்தார். "மீன் பழசு. கறி நல்லம்" என்றார். முழுவதையும் சாப்பிட்டார். நன்றி சொல்லவில்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

மறுநாள் அரங்கம் நிறைந்திருந்தது. தூதரகங்களிலிருந்து வந்தவர்கள், ஓய்வுபெற்றவர்கள், மாணவர்கள். இரண்டாவது வரிசையில் எங்கள் காலனியில் பெரிய குவார்ட்டர்ஸில் இருக்கும் தமிழ் அதிகாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். காலனிப் பிள்ளையார் கோயில் விழாவில் முதல் மாலை அவருக்குத்தான். அப்பா அவரைத் தெருவில் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கிவிடுவார். அவரைப் பார்த்ததும் எனக்குத் தெம்பு வந்தது. நான் எங்காவது தடுமாறினாலும் தமிழ் தெரிந்த ஒருவர் இருக்கிறார் என்று நினைத்தேன்.

அந்த அம்மாள் முதலில் அழைத்ததற்கு நன்றி சொன்னார். பிறகு தலையை நிமிர்த்திப் பேச ஆரம்பித்தார்.

"நீங்கள் எல்லாரும் ஒரே கடல் எண்டு சொல்லுறீங்கள். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தக் கடலில எங்கட ஆக்கள் வலை போட்டுட்டு விடியப் போய்ப் பார்த்தா வலை இல்லை. இந்தியாவில இருந்து வாற இழுவைப் படகுகள் அறுத்துக்கொண்டு போயிடுது. சண்டைக் காலத்தில எங்களைக் கடலுக்கு இறங்க விடேல்ல. இப்ப இறங்கலாம், மீன் இல்லை. சகோதரர் எண்டு சொல்லிக்கொண்டு வந்து எங்கட சோத்தை அள்ளிக்கொண்டு போறதுக்கு எங்கட ஊரில ஒரு பேர்தான் இருக்கு. களவு."

வாக்கியம் வாக்கியமாக ஆங்கிலத்தில் சொன்னேன். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. களவு என்ற இடம் வந்ததும் திருட்டுக்கு ஆங்கிலத்தில் இருக்கிற நேரான சொல்லையே சொன்னேன். வேறு எதைச் சொல்வது?

அரங்கத்தில் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. பேராசிரியை புன்னகை மாறாமல் எழுந்து ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தார்.

"மொழிபெயர்ப்பில் ஏதோ தவறிவிட்டது என்று நினைக்கிறேன். இவள் எங்கள் மாணவி. டெல்லியில் வளர்ந்த பெண். டெல்லித் தமிழ் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்." சிரிப்பு எழுந்தது. "நல்லவேளையாக இங்கே ஒரு தமிழர் இருக்கிறார். ஐயா, நீங்கள் கொஞ்சம் உதவ முடியுமா?"

அந்த அதிகாரி எழுந்தார். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். ஒரு கணம் என்னைப் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். பிறகு அழகான ஆங்கிலத்தில் சொன்னார்: "இந்த அம்மையார் தம் மக்களின் வாழ்வாதாரம் பற்றிய வேதனையைப் பகிர்ந்துகொள்கிறார். அவர் பயன்படுத்தியது மென்மையான சொல். இழப்பு என்று வைத்துக்கொள்ளலாம். இளம்பெண் சற்றுக் கடுமையாகச் சொல்லிவிட்டார். அனுபவக் குறைவு, வேறொன்றுமில்லை."

கைதட்டினார்கள். அந்த அம்மாள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார். மீதி நேரம் அந்த அதிகாரியே மொழிபெயர்த்தார். நான் மேடையில் என் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். எழுந்து போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. இருக்கச் சொல்லியும் யாரும் சொல்லவில்லை.

தேநீர் இடைவேளையில் தோழி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "விடு. எல்லோருக்கும் தவறு வரும்."

"நான் தப்பாச் சொல்லலை."

"அச்சா, அச்சா" என்றாள், அழும் குழந்தையிடம் சொல்வதுபோல. "ஆனால் அந்தத் தமிழரே சொன்னாரே?"

அந்த அரங்கில் தமிழ் தெரிந்தவர்கள் மூன்று பேர். ஒருவருடைய பேச்சை இன்னொருவர் மாற்றிவிட்டார். மூன்றாமவளின் சொல்லுக்கு மதிப்பில்லை.

மறுநாள் அந்த அம்மாளை விமான நிலையத்தில் விட நான்தான் போனேன். அந்த வேலைக்கு மட்டும் என் தமிழ் போதுமானதாக இருந்தது. டாக்ஸி பாதி வழி போனதும் அவர் கேட்டார்: "அந்தக் கோட் போட்டவர் தமிழரோ?"

"ஆமாம்மா. தஞ்சாவூர்ப் பக்கம்."

"நல்ல இங்கிலீசு." கொஞ்ச நேரம் வெளியே பார்த்தார். "எனக்கு இங்கிலீசு கதைக்க வராது, பிள்ளை. கேட்டா விளங்கும்."

"அப்போ அவர் சொன்னது, மேடம் சொன்னது, எல்லாம் உங்களுக்குப் புரிஞ்சுதா?"

"ஓம். நீங்கள் சரியாத்தான் சொன்னனீங்கள்."

"அப்புறம் ஏம்மா நீங்க ஒண்ணும் சொல்லல? தலையை ஆட்டியிருந்தாக்கூடப் போதுமே."

அவர் என் பக்கம் திரும்பினார். முகத்தில் வருத்தம் இல்லை, கோபமும் இல்லை. "உங்கட ரீச்சர் அடுத்த வருசமும் கூப்பிடுறன் எண்டு சொன்னவ. வேற நாட்டுக்கும் அனுப்பி வைப்பினமாம். அங்க எங்கட பிரச்சினையைக் கேக்கிற ஆக்கள் இருப்பினம். இஞ்ச சண்டை பிடிச்சால் அதுவும் போயிடும். நீங்கள் படிச்ச பிள்ளை, உங்களுக்கு வேற வழி வரும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் அதைத் தாங்க முடியவில்லை. அவருடைய பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கொடுத்தேன். போகிறபோது, "அம்மாட்டச் சொல்லுங்கோ, கறி நல்லம் எண்டு" என்றார்.

வீட்டுக்கு வந்தபோது அப்பாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. காலையில் பால் பூத்தில் அந்த அதிகாரியைப் பார்த்திருக்கிறார்.

"சார் உன்னப் பத்திச் சொன்னாவ. நல்லா தைரியமாப் பேசுதா, தமிழ்தான் கொஞ்சம் பிடிபடல, பாவம்னாவ." அவர் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. சார் வாயால் என் பேச்சு வந்ததே. "நீயும் அஞ்சாங்கிளாஸ் வரைக்கும்தான தமிழ் படிச்ச. விடு."

"களவுன்னா என்னப்பா?"

"திருட்டு."

"அந்த அம்மா களவுன்னு சொன்னாங்க. நான் திருட்டுன்னு சொன்னேன். உங்க சார் இழப்புன்னு சொன்னார்."

அப்பா செய்தித்தாளை மடித்தார், மறுபடி விரித்தார். "பெரிய ஆபீசர். ஏதாவது காரணம் இல்லாமச் சொல்ல மாட்டாவ."

அடுப்படியிலிருந்து அம்மா குரல் வந்தது. "என்ன பொல்லாத காரணம்? டெல்லியில களவுக்கு வேற அர்த்தம் வச்சிருக்காவளோ?"

எனக்கு அன்று அதிகாரியைவிட அப்பாமேல்தான் ஆத்திரம். அவர் என்னை நம்பவில்லை என்றால்கூடப் பொறுத்திருப்பேன். நம்பினார், அதற்குப் பிறகும் அந்தப் பக்கமே நின்றார்.

சில வாரங்களில் ஐரோப்பாவுக்குப் போகிறவர்களின் பெயரை வகுப்பில் அறிவித்தார்கள். என் தோழியும் பிரேசில் பையனும். பேராசிரியை என்னைத் தனியாக அழைத்து, மிகுந்த கனிவோடு, "கேட்கும் திறனை நீ இன்னும் வளர்த்துக்கொள்ள வேண்டும்" என்றார். அவர் அதை உண்மையாகவே நம்பினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நம்பியிருப்பார் என்றே தோன்றுகிறது. அவருக்குத் தேவையானதை ஒரு தமிழர் தம் வாயால் சொல்லிவிட்டார், அதற்கு மேல் அவர் ஏன் சந்தேகப்பட வேண்டும்? தோழி கட்டிப்பிடித்து அழுதாள். இரண்டு நாள் கழித்து, அங்கே முதல் வகுப்பில் தெற்காசியா பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள், உன்னுடைய இலங்கைக் குறிப்புகளைத் தருவாயா என்று கேட்டாள். கொடுத்தேன். எனக்கு அவை இனி எதற்கு?

அந்தக் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சாணக்யபுரியில் எங்கள் மாநில அரசு நடத்தும் விருந்தினர் இல்லத்துக்குச் சாப்பிடப் போனோம். அங்கே ஊர்ச் சாப்பாடு கிடைக்கும். கை கழுவும் இடத்தில் அந்த அதிகாரி தனியாக நின்றிருந்தார். அப்பா வரிசையில் டோக்கன் வாங்கிக்கொண்டிருந்தார். நான் நேராக அவரிடம் போனேன்.

"சார், அன்னைக்கு அந்த அம்மா என்ன சொன்னாங்கன்னு உங்களுக்குப் புரிஞ்சுதா?"

அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். கைக்குட்டையால் விரல் விரலாகத் துடைத்தார். "புரிஞ்சுதும்மா. நீ சொன்னதுல ஒரு வார்த்தை தப்பில்ல. நல்லாவே சொன்னே."

அவர் மறுப்பார், அப்போது என்ன பேச வேண்டும் என்று பல மாதமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். இதற்கு என்னிடம் வசனம் இல்லை.

"அப்புறம் ஏன் சார்?"

"நான் ஆமான்னு சொல்லியிருந்தா என்ன ஆகும்? தமிழ் அதிகாரியே நம்ம மீனவங்களைத் திருடன்னு சொன்னார்னு ஊர்ல கிளம்பும். இல்ல, அந்த அம்மா சொல்றது தப்புன்னு சொல்லியிருந்தா, அந்த ஊர்த் தமிழங்க வருத்தப்படுவாங்க. உன் தமிழ் சரியில்லன்னு சொன்னா யாருக்கும் நஷ்டமில்ல." சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தார். "இதுதாம்மா டிப்ளமஸி. நீ படிக்கிற படிப்பு இதுதானே?"

"எனக்கு நஷ்டம் சார். ஐரோப்பா போக வேண்டியவ நான்."

அவர் முகம் ஒரு நொடி மாறியது. அது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. "அப்படியா? அடடா" என்றார். அதற்குள் அப்பா டோக்கனோடு வந்துவிட்டார். "சார், சாப்டாச்சா?" என்று குழைந்தார். அதிகாரி அப்பாவின் தோளில் கைவைத்து, "பொண்ணு கெட்டிக்காரி. படிப்பு முடிஞ்சதும் என்கிட்ட அனுப்புங்க, நான் பார்த்துக்கிறேன்" என்றார். அப்பாவுக்கு அன்று இரண்டாவது முறை பாயசம் வாங்கத் தோன்றியது.

மூன்றாம் ஆண்டை எப்படி முடித்தேன் என்று சொல்ல அதிகம் இல்லை. மறுபடியும் மத்திய ஆசியா கேட்டேன். வழிகாட்ட ஆள் இல்லை என்றார்கள். இலங்கை மீன்பிடி பற்றியே ஆய்வேடு எழுதினேன். களவு என்ற சொல்லை அதில் தமிழ் எழுத்திலேயே போட்டு, அருகில் பொருள் எழுதினேன். வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர் அதை வட்டமிட்டு, தொனி கடுமையாக இருக்கிறது என்றார். ரஷ்ய மொழி வகுப்பை நடுவில் விட்டுவிட்டேன். தோழி பட்டம் முடித்ததும் ஐரோப்பாவிலேயே மேற்படிப்புக்குச் சேர்ந்துவிட்டாள்.

பட்டம் வாங்கியதும் ஒரு வருடம் எங்கெங்கோ விண்ணப்பித்தேன். ஒரு நாள் அப்பா வேட்டியை மாற்றிப் பேண்ட் போட்டுக்கொண்டு, கையில் ஸ்வீட் பாக்கெட்டோடு கிளம்பினார்.

"சார் வீட்டுக்குப் போறேன். நீயும் வாரியா?"

"நான் வரமாட்டேன். நீங்களும் போகாதீங்கப்பா."

"அவரே சொன்னாவல்லா? நமக்கு இங்க வேற யாரு இருக்கா, சொல்லு."

நான் கதவை மறித்து நிற்கவில்லை. அவர் போனார். அம்மா என்னைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

ஒரு மாதத்தில் ஆய்வு அலுவலகம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. ஒப்பந்த வேலை. அங்கேதான் இப்போது இருக்கிறேன். தமிழ்ச் செய்தித்தாள்களில் இலங்கை பற்றி வருவதை ஆங்கிலத்தில் சுருக்கித் தர வேண்டும். என் தமிழைப் பற்றி இங்கே யாரும் குறை சொல்வதில்லை. மேலதிகாரி படித்துப் பார்த்துவிட்டு, சில சொற்களை மட்டும் அடித்து, மேலே இலேசான சொல்லாக எழுதித் தருவார். முதல் சில மாதம் சண்டை போட்டேன். இப்போது அவர் அடிக்கப்போகும் சொல் எது என்று எனக்கு முன்பே தெரிகிறது. தெரிந்தும் அதே சொல்லைத்தான் எழுதி அனுப்புகிறேன். அவர் அடிக்கிறார்.